முதியவர் என்று அழைத்தால் ஏன் வலிக்கிறது?

வங்கியில் வைப்புத்தொகை போடும்போது மூத்த குடிமக்களுக்கு வழக்கமாக அரை சதவீதம் வட்டி கூடக் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்க யாரும் கூச்சப்படுவதில்லை. பிறந்த தேதி தெரியும்படி ஆதார் அட்டையைத் தாமே எடுத்து நீட்டுகிறார்கள். அதே மனிதர் வங்கியிலிருந்து வெளியே வந்து பேருந்தில் ஏறுகிறார். கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, "தாத்தா, உக்காருங்க" என்கிறான். அவர் முகம் வாடிவிடுகிறது. "பரவாயில்லப்பா, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்" என்று சொல்லி, இறங்க வேண்டிய இடம் வெகுதூரத்தில் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறார்.

இதை வீண் ஜம்பம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் அவருக்கு நடந்தது ஒன்றல்ல. வங்கியில் வயது அவருக்கு ஓர் உரிமையைத் தந்தது. பணம் அவருடையது, என்ன செய்வது என்ற முடிவும் அவருடையது. பேருந்தில், அவரால் நிற்க முடியாது என்று இன்னொருவர் முடிவு செய்துவிட்டார். பையன் நல்ல மனத்தோடுதான் எழுந்தான். அந்த நல்ல மனத்துக்குள்ளும் ஒரு தீர்ப்பு இருந்தது, அது அவரைக் கேட்காமல் சொல்லப்பட்டது. முதுமை பற்றிய நம் மனப்பான்மைகளைச் சட்டம், சடங்கு, இலக்கியம், மருத்துவம், குடும்பம் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தால் கிடைக்கும் விடை இதுதான்: பெயர் வலிப்பதில்லை, அந்தப் பெயரோடு சேர்ந்து கைவிட்டுப் போகும் தீர்மானிக்கும் உரிமைதான் வலிக்கிறது.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு இப்போது அவசரமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாகும் என்று அதே அறிக்கை கணிக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் கூடியது நம் மாநிலம்தான். பிள்ளைப்பேறு குறைந்தது ஒரு காரணம்: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஆயுள் கூடியது இன்னொரு காரணம். விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளை ஒட்டி இருந்தது. இன்று 70ஐ எட்டியிருக்கிறது. இரண்டுமே நாம் விரும்பிப் பெற்ற வெற்றிகள். வெற்றியின் பலனாகக் கிடைத்த ஆண்டுகளைச் சுமை என்று பேசும் பழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

அறுபது என்னும் கோடு

முதுமை எந்த வயதில் தொடங்குகிறது என்று உடல் யாருக்கும் சொல்வதில்லை. கோட்டைப் போட்டது அரசுதான். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889இல் வந்த ஓய்வூதியச் சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது. 1916இல் அது 65 ஆயிற்று. பிரிட்டன் 1908இல் 70 என்றது. அமெரிக்கா 1935இல் 65 என்றது. அந்த வயதை எட்டுபவர்கள் எத்தனை பேர், கருவூலம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்குகள் இந்த எல்லைகளுக்குப் பின்னால் இருந்தன.

இந்தியாவில் கோடு ஒன்றல்ல, பல. 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 60 வயது நிறைந்தவரை மூத்த குடிமகன் என்கிறது. வருமான வரித்துறைக்கு 60இல் ஒரு படி, 80இல் இன்னொரு படி. ரயில்வே சலுகை கொடுத்த காலத்தில் ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 58. வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு கிடைக்க 70. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆயிற்று, 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. ஓராண்டுக்குள் அந்த ஊழியர்களின் முழங்காலோ மூளையோ இரண்டு ஆண்டு இளமை அடைந்துவிடவில்லை. அரசாணை மாறியது, அவ்வளவுதான்.

இந்தக் கோடு தவறானது என்று சொல்லவரவில்லை. ஓய்வூதியம் வழங்க ஏதோ ஒரு வயதைக் குறித்தே ஆக வேண்டும். நிர்வாக வசதிக்காக வரைந்த அந்தக் கோட்டை மனிதரின் ஆற்றலுக்கான எல்லையாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் இளமையிலேயே கோணிப்போயிருந்தன. ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டிலேயே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களில் அதுவும் ஒன்று. கண்புரையால் பார்வை மங்கி, "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று திண்ணையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட எத்தனையோ கிராமத்துப் பெரியவர்களுக்கு அங்கே பார்வை திரும்பியது. பணிக்காலம் முடிந்துவிட்டது என்று அரசு கணக்கெழுதிய ஒருவர்தான், வாழ்க்கை முடிந்துவிட்டது என்று வீடு கணக்கெழுதியவர்களுக்கு வெளிச்சம் தந்தார்.

நம் மரபிலும் 60க்கு ஓர் இடம் உண்டு. பிரபவ முதல் அட்சய வரையான ஆண்டுச் சுழற்சி 60 ஆண்டுகள் கொண்டது. 60 நிறைந்தால் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருகிறது. அதனால்தான் சஷ்டியப்தபூர்த்தியில் தம்பதியரை மறுபடியும் மாலை மாற்றித் தாலி கட்டவைக்கிறார்கள். மார்க்கண்டேயனுக்காக எமனைச் சிவன் உதைத்த தலம் என்று நம்பப்படும் திருக்கடையூரில் மணிவிழாவுக்கும் 80ஆம் வயதின் சதாபிஷேகத்துக்கும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஜப்பானிலும் இதே போன்ற 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. அங்கே 60 நிறைந்தவருக்குச் சிவப்பு மேலாடை அணிவித்துப் புதிதாகப் பிறந்தவராகக் கொண்டாடுவார்கள். சடங்கின் 60 ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடம். அலுவலகத்தின் 60 வெளியே அனுப்பும் இடம். ஒரே மாதத்தில் ஒருவருக்கு மணிவிழாவும் பணி நிறைவு விழாவும் நடக்கலாம். இரண்டு விழாவிலும் சால்வை போர்த்துவார்கள். மறுநாள் காலையில் அவர் மனத்தில் எந்த 60 தங்குகிறது என்பதில்தான் எஞ்சிய ஆண்டுகளின் போக்கு இருக்கிறது.

பழந்தமிழர் கண்ட முதுமை

நம் முன்னோர் முதுமையைப் போற்றினார்கள், இன்றைய தலைமுறைதான் கெட்டுவிட்டது என்று மேடையில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இலக்கியம் அவ்வளவு எளிதாகப் பேசவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாடல் முதுமையின் துயரை ஒளிக்காமல் சொல்கிறது. ஆழமான மடுவில் மரக்கிளையிலிருந்து குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையை, கோல் ஊன்றி இருமலுக்கிடையே சில சொற்களே பேச முடிந்த ஒரு முதியவர் நினைத்துப் பார்க்கிறார். அந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் கைத்தடியைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம்.

அதே தொகையின் 191ஆம் பாடலில் பிசிராந்தையார் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறார். ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். மாட்சி நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் எண்ணியதையே எண்ணும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் அரசன், கற்று அடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்குகிறார். மூலிகை, உணவு, பயிற்சி எதையும் அவர் சொல்லவில்லை. வீடும் அரசும் ஊரும் சரியாக இருந்தால் முதுமை தாக்காது என்பது அவர் கண்ட உண்மை. முதுமையை உடலில் மட்டும் தேடாமல் சுற்றியிருப்பவர்களின் நடத்தையில் தேடிய அந்தப் பார்வைக்கு இன்றைய ஆய்வுகளும் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஔவையாரின் கதையை வேறெந்த மொழியினரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமணத்தைத் தவிர்க்க விநாயகரிடம் முதுமையைக் கேட்டுப் பெற்றார் என்கிறது நாட்டு வழக்கு. இளம்பெண்ணாக இருந்தால் தனியே ஊர் ஊராக நடக்க முடியாது, அரசர்களிடம் நேருக்கு நேர் பேசவும் முடியாது. முதுமை அவருக்கு வழியைத் திறந்துவிட்டது. முதுமையை வரமாகக் கேட்ட பெண்ணைத் தமிழ்ச் சமூகம் தன் ஆசானாக ஏற்றது. அந்தக் கதையில் முதுமை இனிப்பதற்குக் காரணம், அவர் சொல் எங்கும் சென்றதுதான்.

அண்மைக் காலத்தில் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலில் 137 வயது மங்கத்தாயாரு அம்மாளை ஒரு குடியின் நினைவாகவே நிறுத்தினார். கி.ரா.வும் 98ஆவது வயதில் 2021இல் மறையும் வரை எழுத்தை விடவில்லை. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது 80ஐத் தாண்டியிருந்தார். பெரியார் 94 வயதில், இறப்பதற்குச் சில நாள் முன்புவரை மேடையில் பேசினார். ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கியது 80 வயதில். கோவை மாவட்டத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாள் 100 வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார். இயற்கை விவசாயத்துக்காக 2021இல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவர்களைச் சாதனையாளர்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. தமக்கென ஒரு வேலையும், அந்த வேலையில் தம் முடிவே முடிவு என்ற நிலையும் கடைசிவரை இவர்கள் எல்லோருக்கும் இருந்தன.

அழைக்கும் பெயர்கள்

தமிழ்நாட்டில் வயதானவரை அழைக்கப் பல வழிகள் இருக்கின்றன. "ஐயா", "அம்மா", "பெரியவரே", "பெரியம்மா" என்றால் யாரும் வருத்தப்படுவதில்லை. சொந்தப் பேரன் "தாத்தா" என்றால் நெஞ்சு நிறைகிறது. முன்பின் தெரியாத கடைக்காரர் அதே சொல்லைச் சொன்னால் உறுத்துகிறது. "பெருசு, தள்ளி நில்லு" என்பது நேரடி அவமதிப்பு. அலுவலகத்தில் "சார் நம்ம சீனியர்" என்றால் அனுபவத்துக்கு வணக்கம்; "அவர் சீனியர் சிட்டிசன், அவருக்கு எதுக்கு இந்த அலைச்சல்" என்றால் கதவடைப்பு. ஒரே பெயர் ஒருவரைக் கூட்டத்துக்குள் அழைக்கவும் செய்யும், வெளியே தள்ளவும் செய்யும்.

பெயரை மாற்றினால் வலி தீருமா என்று உலகமெங்கும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 1997இல் முதிய ஓட்டுநர்களின் காருக்கென்று ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த இலை வடிவ வில்லையைக் கொண்டுவந்தார்கள். உதிர்ந்த சருகு போல இருக்கிறது என்று முதியவர்கள் மனம் புண்பட்டார்கள். 2011இல் அதை நான்கு இலை கொண்ட குளோவர் வடிவமாக மாற்றினார்கள். 2008இல் அதே நாட்டில் 75 வயதைக் கடந்தவர்களைப் 'பிற்கட்ட முதியோர்' என்று தனியே பிரித்து ஒரு மருத்துவக் காப்பீடு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு அதற்கு 'நெடுவாழ்வு மருத்துவத் திட்டம்' என்று இன்னொரு பெயர் சூட்டியது. கோபம் அடங்கவில்லை. காப்பீட்டுத் தொகை ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கப்பட்டதும், தங்களை ஒதுக்கி ஒரு கூண்டில் அடைக்கிறார்கள் என்ற எண்ணமும் அப்படியே இருந்தன.

அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய ஓய்வுபெற்றோர் சங்கம், 50 வயதிலிருந்தே உறுப்பினர்களைச் சேர்ப்பதாலும் அவர்களில் பலர் இன்னும் வேலை செய்வதாலும், 1990களின் கடைசியில் முழுப் பெயரைக் கைவிட்டு ஏ.ஏ.ஆர்.பி. என்ற எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டது. அந்நாட்டில் உண்மையான மாற்றத்தைத் தந்தது வேறொன்று. 65 வயதானதும் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட மேகி குன் 1970இல் நண்பர்களோடு சேர்ந்து 'சாம்பல் சிறுத்தைகள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். முதுமையை மறைக்க அவர் முயலவில்லை, நரையையே கொடியாக ஏந்தினார். வயதைக் காரணம் காட்டிக் கட்டாய ஓய்வு கொடுப்பதைப் பெரும்பாலான வேலைகளில் அமெரிக்கச் சட்டம் 1986இல் தடை செய்தது. பெயர்மாற்றம் தராத நிறைவை இந்த உரிமை தந்தது.

மனத்தில் பதிந்து உடலில் இறங்குவது

முதுமை மீதான வெறுப்பை இனவெறுப்புக்கு நிகராக வைத்து அதற்கொரு பெயர் கொடுத்தவர் ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர். 1969இல் வாஷிங்டன் அருகே ஏழை முதியவர்களுக்கு வீட்டு வசதி செய்ய முற்பட்டபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்ததைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார். முதியவர்களை வெறுக்கும் இளையவர்கள் உண்மையில் தங்கள் எதிர்காலத்தையே வெறுக்கிறார்கள் என்பதே இந்த வெறுப்பின் தனித்தன்மை. ஓர் இனத்தவர் இன்னோர் இனத்தவராக மாறுவதில்லை. உயிரோடிருக்கும் எல்லோரும் முதுமைக்குள் நுழைந்தே தீர வேண்டும்.

அப்படி நுழையும்போது, இளமையில் நாம் பிறர்மீது வைத்திருந்த கருத்து நம் மீதே திரும்புகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒகையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் 50 வயதைக் கடந்த 660 பேரிடம், முதுமை பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அதிகபட்சம் 23 ஆண்டுகளுக்கு முன் சேகரித்த பதில்கள் இருந்தன. முதுமையைப் பற்றி நல்லபடி நினைத்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, பாலினம், பொருளாதார நிலை, உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவர் வயதானவர்களைப் பற்றித் தாழ்வான கருத்துக் கொண்டிருப்பதாகச் சொல்கிறது.

இந்தக் கருத்து மருத்துவமனைகளில் நேரடியாகத் தீங்கு செய்கிறது. மருத்துவர் நோயாளியை விட்டுவிட்டு உடன் வந்த மகனைப் பார்த்து, "அவருக்கு என்ன பண்ணுது?" என்று கேட்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மறதி என்று போனால், "வயசானா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காது கேட்காமல் போனவர் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் ஒதுங்குகிறார். புத்தி மழுங்கிவிட்டது என்று வீடு முடிவு கட்டுகிறது. முதியோர் மருத்துவத்துக்கென்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே தனிப் பிரிவு தொடங்கியது, டாக்டர் வ.செ. நடராசன் இந்தத் துறையை இந்தியாவில் நிலைநாட்டினார். முதுமை ஒரு நோயல்ல, அதற்குள் வரும் நோய்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடம் இன்னும் எல்லா மருத்துவர்களின் மேசைக்கும், எல்லா வீடுகளின் கூடத்துக்கும் போய்ச்சேரவில்லை.

பெண்ணின் முதுமை

ஆணுக்கு நரை அனுபவத்தின் அடையாளம், பெண்ணுக்கு நரை குறை. திரையில் 60ஐத் தாண்டிய நடிகர் நாயகனாக நீடிக்கிறார். அவரோடு ஒரு காலத்தில் ஜோடியாக நடித்தவர் அம்மா வேடத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தலைச்சாயம் பூசுவதை ஆண் தன் விருப்பமாகச் செய்கிறார். பெண்ணுக்கோ அது பிறர் கண்ணுக்காகச் செய்யும் கடமையாகிவிடுகிறது.

அதைவிட ஆழமான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பெண்கள் பொதுவாக ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், தம்மைவிட வயதில் மூத்தவரை மணக்கிறார்கள். ஆகவே முதுமையின் கடைசிப் பகுதியைக் கணவன் இல்லாமல் கழிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. வீட்டுப் பத்திரம் கணவர் பெயரில் இருந்து பிள்ளைகள் பெயருக்குப் போயிருக்கும். சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தாலும் அதை இயக்கும் பழக்கம் இருக்காது. ஓய்வூதியம் என்பது சம்பளத்துக்கு உரியது. சமையலறைக்குச் சம்பளம் இல்லை, ஆதலால் ஓய்வும் இல்லை. 70 வயதில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பும் பாட்டியை யாரும் ஓய்வு பெற்றவர் என்று அழைப்பதில்லை. அவர் உழைப்பை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், எந்த மகன் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்ற முடிவில் மட்டும் அவரிடம் யாரும் கேட்பதில்லை. தாயைப் பிள்ளைகள் மாதக் கணக்கில் முறை வைத்துக்கொள்வதைப் பாசத்தின் ஏற்பாடாகவே பலரும் நினைக்கிறார்கள். தனக்கென்று ஒரு கட்டிலும் பெட்டியும் நிலையாக ஓரிடத்தில் இல்லாத வாழ்க்கை அது என்பதை அந்தத் தாய்தான் அறிவார்.

வீடு, சொத்து, சட்டம்

கூட்டுக்குடும்பம் உடைந்ததால் முதியவர்கள் தனித்துவிட்டார்கள் என்பது பொதுவான புலம்பல். கூட்டுக்குடும்பத்திலும் சொத்து கையில் இருந்தவருக்கே சொல் இருந்தது. சொத்தை எழுதிக் கொடுத்த மறுநாளே குரல் தாழ்ந்துபோன பெரியவர்களின் கதை எல்லா ஊர்களிலும் பழையது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சரிசெய்யப் பார்த்தது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை அணுகலாம். தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் 23ஆம் பிரிவின்கீழ் திரும்பப் பெறலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. முதியவர்களைக் காக்கும் நோக்கத்தோடு அந்தப் பிரிவைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. ஆகவே பத்திரம் எழுதும்போதே நிபந்தனையை எழுத்தில் சேர்ப்பது ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு. பெற்ற பிள்ளைமேல் நம்பிக்கை இல்லையா என்று சுற்றத்தார் கேட்பார்கள். எழுதி வைப்பதால் பாசம் குறைவதில்லை.

சொத்தே இல்லாதவர்களின் நிலை கொடியது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆயிற்று. ஒன்றிய அரசின் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையானோருக்கு அதன் பங்கு வெறும் 200 ரூபாய் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்திய ரயில் கட்டணச் சலுகை, தொற்று அடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் திரும்பவில்லை. பேரன் பேத்தியைப் பார்க்கவோ கோயிலுக்குப் போகவோ ஒருவர் தானே முடிவெடுத்துக் கிளம்பும் வாய்ப்பு அந்தச் சலுகையில் இருந்தது. காசுக்குப் பிள்ளையிடம் கைநீட்ட வேண்டிய நிலை வந்ததும், பயணமும் பிள்ளையின் முடிவாகிவிட்டது.

இந்தப் பறிப்பின் கடைசி எல்லை தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் நடந்தது. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலின் பெயரால் சாகவிடும் வழக்கம் அது. 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்திகள் வந்தபின் நாடு அதைப் பற்றிப் பேசியது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' அதைத் திரையில் கொண்டுவந்து தேசிய விருது பெற்றது. மதுமிதாவின் 'கே.டி. என்கிற கருப்புதுரை' படத்தில், வீட்டார் தமக்கு நாள் குறிப்பதைக் கேட்டுவிட்ட முதியவர் எழுந்து வெளியேறுகிறார். ஒரு சிறுவனோடு சேர்ந்து தம் ஆசைகளைப் பட்டியல் போட்டு நிறைவேற்றுகிறார். அந்தக் குடும்பங்களின் வறுமையையும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத அவலத்தையும் மறந்து அவர்களைக் கொடியவர்கள் என்று மட்டும் பழிப்பது நியாயமாகாது. நோயாளியைப் பராமரிக்க ஊருக்கு ஊர் ஆளும் மருந்தும் வலிநிவாரணமும் இருந்தால் அந்த முடிவுக்கு யாரும் போகமாட்டார்கள். ஆனாலும் உயிர் யாருடையதோ அவரை யாரும் கேட்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

முதியவரின் சொல் தேய்வது தமிழ்நாட்டில் மட்டுமல்ல. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர் பிள்ளைகளைக் கடல் கடக்க வைத்தது. பணம் வருகிறது, தொலைபேசியில் குரல் வருகிறது, பெரிய வீட்டில் வயதானவர் தனியே இருக்கிறார். அங்கே முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போய்ச்சேர்ந்த பெற்றோருக்குத் தனிமை வேறு வடிவத்தில் வருகிறது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அழைக்கப்பட்டவர்கள், மொழியும் பனியும் தடுப்பதால் கடைக்குப் போவதற்கும் மகனின் காரை எதிர்பார்க்கிறார்கள். ஊரில் தம் காணியைத் தாமே ஆண்டவர்களுக்கு அது பெரிய இழப்பு.

மூத்தோர் சொல் எதுவரை?

இங்கே இளையவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். பெரியவர்களின் சொல்தானே இத்தனை காலம் எங்களை ஆண்டது? யாரை மணப்பது, என்ன படிப்பது, மருமகள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்தவர்கள் அவர்கள்தானே? சாதியின் பெயரால் பிள்ளைகளின் காதலை உடைத்தவர்களிலும் மூத்தவர்கள் இருக்கிறார்களே?

இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. வயதின் பெயரால் பிறர் வாழ்க்கையை ஆளும் அதிகாரத்தை மீட்டுத் தருவது யாருடைய நோக்கமாகவும் இருக்கக் கூடாது. முதியவருக்குத் தேவையான சொல் அவருடைய சொந்த வாழ்க்கை மீதானது. எங்கே வாழ்வது, என்ன சிகிச்சை எடுப்பது, தம் பணத்தை எப்படிச் செலவிடுவது, துணையை இழந்தபின் மறுமணம் செய்வதா, எப்போது பயணம் போவது என்பவை அவர் முடிவுகள். மகளுக்குத் தன் திருமணத்தில் உள்ள உரிமையும் தாத்தாவுக்குத் தன் சிகிச்சையில் உள்ள உரிமையும் ஒரே வேரில் முளைத்தவை. மகளின் உரிமையை மதிக்காத வீட்டில், தாத்தா படுக்கையில் விழுந்த நாளில் அவர் உரிமையும் மதிக்கப்படாது. தம் இளமையில் பிறருக்கு மறுத்ததையே முதுமையில் தாம் இழந்து தவிப்பவர்கள் உண்டு. ஆகவே இது தலைமுறைகளுக்கு இடையேயான சண்டை ஆக வேண்டியதில்லை. இன்றைய இளையவர் தமக்காகக் கேட்கும் சுதந்திரம், நாளைய முதியவராக அவருக்கே தேவைப்படும்.

செய்ய வேண்டியவை

மரியாதை நம்மிடம் குறைவில்லை. காலில் விழுகிறோம், மணிவிழா எடுக்கிறோம், மேடையில் முதல் வரிசையில் உட்காரவைக்கிறோம். குறைவது கேட்கும் பழக்கம். மருத்துவர் முதலில் நோயாளியிடம் பேச வேண்டும், அவர் சம்மதித்த பிறகே உடன் வந்தவரிடம். பிள்ளைகள் வீடு மாற்றுவதற்கும் வேலைக்காரரை வைப்பதற்கும் முன் பெற்றோரைக் கேட்க வேண்டும்; அவர் வேண்டாம் என்றால் அந்தப் பதிலுக்கு மதிப்பு இருக்க வேண்டும். வங்கிகள் செல்பேசிச் செயலிக்கு மாறும் வேகத்தில், கவுண்டரில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கும் ஆளையும் வைத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பேரனிடம் கொடுத்தால்தான் சொந்தப் பணத்தை எடுக்க முடியும் என்ற நிலை உரிமையிழப்பு. உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். பேருந்துப் படிக்கட்டு தாழ வேண்டும், நடைபாதை சமமாக இருக்க வேண்டும், பொது இடங்களில் கழிப்பறை வேண்டும். இவை இருந்தால் ஒருவர் துணையின்றி வெளியே போகலாம். கைவிடப்பட்டதாக உணரும் முதியவருக்காக 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் இயங்குகிறது. அந்த எண் ஒவ்வொரு நியாயவிலைக் கடைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

60ஐத் தொடும் நமக்கும் ஒரு கடமை உண்டு. "எனக்கென்ன வயசாயிடுச்சு" என்று நாமே நம்மைக் கழித்துக்கொள்ளும் பேச்சை நிறுத்த வேண்டும். பத்திரம், மருத்துவ விருப்பம், வங்கிக் கணக்கு இவற்றை நம் கையாலேயே ஒழுங்கு செய்ய வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் செயலியைக் கற்றுக்கொள்ள வெட்கப்படக் கூடாது.

பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கும் பையன் எழுந்துகொண்டே இருக்கட்டும். அவனைப் போன்றவர்கள் நமக்கு வேண்டும். இடம் கொடுப்பதற்கு முன், "உக்கார்றீங்களா?" என்று அவன் கேட்டால் போதும். உட்காருவதா நிற்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவரிடம் இருக்கும்போது, முதியவர் என்று அழைக்கப்படுவதில் அவருக்கு வலி இருக்காது.